சாட்சியில் இல்லாத அம்மா

பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் பத்து நிமிடம் எழுத வேண்டும் என்றார் பயிற்சியாளர். யோசிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, திரும்பிப் படிக்கக் கூடாது. வீட்டில் நடந்த ஏதாவது ஒன்று. நான் ஏழாவது நிமிடத்திலேயே முடித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் கர்வமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குன்னூரில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் நடந்த வகுப்பு அது. மொத்தம் ஆறு சனிக்கிழமைகள். ‘எழுத்தின் வழியே உங்களைத் திறந்துகொள்ளுங்கள்’ என்று இன்ஸ்டாகிராமில் பார்த்த அடுத்த நிமிடமே பெயரைப் பதிந்துவிட்டேன். என் சுபாவம் அப்படி. கோயம்புத்தூரில் பட்டப்படிப்பை முடித்துக் கோத்தகிரிக்குத் திரும்பியிருந்தேன். ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்திக்கொண்டு, வாரத்துக்கு ஒரு புது வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். எழுத்து மட்டும்தான் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது என்பது என் எண்ணம். உண்மையைச் சொன்னால், அதை இன்னும் நாலு பேர் வாயால் கேட்கத்தான் ஒரு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போனேன்.

என் முறை வந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் அம்மாவின் வலது கை நடுவிரல், அரைத்த இலை போகும் பெல்ட்டில் சிக்கி, இரண்டாம் கணு வரை போன கதையை வாசித்தேன். மனப்பாடமாகத் தெரிந்த கதை. இருள் சூழ்ந்தது, அந்த வேளையில்தான் ஒரு கரம் தாங்கியது, இழந்தது ஒரு விரல், காக்கப்பட்டது ஒரு உயிர், துணை நின்ற அனைவருக்கும் நன்றி. முடித்து நிமிர்ந்தேன். கீழேயிருந்து வர்க்கி வேகும் வாசனைதான் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

பயிற்சியாளருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும், திருப்பூர்க்காரர். காதைச் சொறிந்துகொண்டார்.

“நல்லா கோர்வையா இருக்குங்க. ஆனா இதுல ஆளே இல்லைங்களே.”

எதிரே உட்கார்ந்திருந்த கேரட் விவசாயி ஒருவர், ஐம்பது வயதுக்காரர், மெதுவாகச் சொன்னார்: “கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கு நன்றி சொல்ற மாதிரி முடிச்சிட்டீங்க.” எல்லோரும் சிரித்தார்கள். அவர் எழுதியதோ தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஒரு காட்டெருமை அவர் தோட்டத்துக்குள் வந்து நின்ற கதை. அவர் தகரத்தைத் தட்டுகிறார், அது அசைபோட்டுக்கொண்டே அவரைப் பார்க்கிறது, அவருக்கு ஒன்றுக்கு வருகிறது. அத்தோடு பத்து நிமிடம் முடிந்துவிட்டது. அதற்கு எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். திரும்பும் பஸ்ஸில் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. மாத இதழில் ஆறு வருடமாக எழுதுகிறவள் நான்.

அந்த மாத இதழைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் திருச்சபையில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. கஷ்டம் வந்தது, ஜெபித்தேன், ஆண்டவர் விடுவித்தார் என்று ஆராதனையில் எழுந்து நின்று சொல்வது. எழுந்து நிற்கக் கூச்சப்படுகிறவர்கள் இதழுக்கு எழுதிக் கொடுப்பார்கள். எழுத வராதவர்கள் என்னிடம் வருவார்கள். ஆராதனை முடிந்ததும் சர்ச் ஹாலின் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்துகொள்வேன். அவர்கள் சொல்லச் சொல்ல போனில் தட்டிக்கொள்வேன். கிட்னியில் கல், மகனுக்கு விசா, பள்ளத்தின் விளிம்பு வரை போய் நின்ற ஜீப். சொல்லும்போது எல்லாம் கலந்து கட்டித்தான் வரும். கணவரை ஐ.சி.யு.வில் சேர்த்திருந்தபோது, அடுப்பில் வைத்த பாலை இறக்கினோமா இல்லையா என்றுதான் ராத்திரி பூரா நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார் ஓர் அக்கா. அதையெல்லாம் வெட்டிவிடுவேன். பாலுக்கு அங்கே என்ன வேலை? வெட்டி, துடைத்து, வரிசையாக அடுக்கிக் கொடுத்தால், அச்சில் பார்த்துவிட்டு அவர்களே அழுவார்கள். “பாப்பா எழுதுனா படிச்சுப்போட்டு கண்ணுல தண்ணி வராம இருக்காது” என்பது எனக்குக் கிடைத்த பட்டம்.

அதில் முதல் சாட்சி அம்மாவுடையது. ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். விரல் போய் இரண்டு மாதம் கழித்து, ஆயர் அம்மாவிடம் சாட்சி கேட்டார். எனக்கு வராதுங்க என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் எழுதுகிறேன் என்று நான் முந்திக்கொண்டேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. சாட்சிகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அம்மாவையும் தெரியும், போதாதா? ஆயர் என்னையே மைக்கில் வாசிக்கச் சொன்னார். அதுவரை வகுப்பில் பெயர் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்கிற பெண் நான். அன்றைக்கு வாசித்து இறங்கியபோது பெண்கள் வரிசையில் பாதிப் பேர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தைரியம் என்று ஒன்று வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். பேச்சுப்போட்டி, கல்லூரி, பள்ளி வேலை எல்லாம் அதன் மேல் நின்றவை.

அந்தப் பக்கத்தில்தான் ஆளே இல்லை என்றார் பயிற்சியாளர்.

எழுதிக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். அம்மாவின் விரல் போன நாளை, படிக்கிறவருக்கு அவள் தெரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதிவிட வேண்டும். அது முடியாவிட்டால் எனக்கு எழுத்து வரும் என்று இனிமேல் யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. இதுதான் எனக்கு நானே வைத்த பந்தயம். கடைசி வாரம் எல்லோருடைய எழுத்தையும் சேர்த்துச் சின்னப் புத்தகமாகப் போடப்போவதாகவும் சொல்லியிருந்தார்கள். அதில் இந்தப் பக்கம்தான் வர வேண்டும்.

பயிற்சியாளரும் உபாயங்களுக்குக் குறை வைக்கவில்லை. இடது கையால் எழுதுங்கள், கண்ணை மூடிக்கொண்டு எழுதுங்கள், உள்ளே உட்கார்ந்து குறை சொல்கிற ஆளை வெளியே அனுப்புங்கள். எனக்குள்ளே குறை சொல்கிற ஆளே கிடையாது. கைதட்டுகிற ஆள்தான் உட்கார்ந்திருந்தாள், அவளை எப்படி அனுப்புவது என்று அவர் சொல்லித்தரவில்லை. விடியற்காலையில் எழுந்து எழுதிப் பார்த்தேன். பஸ்ஸில் எழுதினேன். பிள்ளைகளுக்கு வரைபடம் குறிக்கக் கொடுத்துவிட்டு வகுப்பறையிலேயே எழுதினேன். நாலாவது வரியில் எங்கிருந்தோ ‘அந்த வேளையில்தான்’ வந்து உட்கார்ந்துகொள்ளும். அது வந்துவிட்டால் அதற்குப் பிறகு எல்லாம் தானாக எழுதிக்கொள்ளும். கிழித்துப் போட்ட தாளில் வெந்நீர் அடுப்பே எரிக்கலாம்.

கடைசியில் ஒரு ஞாயிறு மதியம் அம்மாவிடமே போனேன். பின்வாசல் வெயிலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல் என்றேன்.

“அதான் எழுதிட்டியே.”

“அது சரியில்லியாமா. திரும்ப எழுதணும்.”

அம்மா கட்டைவிரலால் ஒரு தோலைப் பிளந்தாள். பிறகு, ஏதோ காய்கறி விலை சொல்வது மாதிரிச் சொன்னாள்: “அதையத்தான் ஃபாக்டரில ஒட்டி வெச்சிருக்காங்க.”

எனக்குப் புரியவில்லை. விசாரித்தபோது தெரிந்தது. இதழில் வந்த அந்தப் பக்கத்தை ஃபாக்டரி ஆபீசில் யாரோ எடுத்துப்போய், பிளாஸ்டிக் உறை போட்டு, நோட்டீஸ் போர்டில் லீவு லிஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். யார் மேலும் எனக்கு வருத்தமில்லை என்று அம்மா சொல்வதாக நான் எழுதியிருந்த வரிக்கும், நிர்வாகத்துக்கு நன்றி என்ற வரிக்கும் கீழே கோடு போட்டிருக்கிறார்களாம். ஆறு வருடமாக அம்மா தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வருகைப்பதிவில் கையெழுத்துப் போடுகிறாள்.

“ஏன்மா சொல்லல?”

“எங்க சொல்றது? சர்ச்சே அழுவுது. ஆளாளுக்கு உன்னயக் கட்டிப்புடிக்கறாங்க. நீ வேற அன்னிக்குத்தான் நிமுந்து நின்ன.” பட்டாணித் தோலை முறத்திலிருந்து ஒதுக்கினாள். “நான் அன்னிக்கு ஜெபமெல்லாம் பண்ணல கண்ணு. டீமேக்கரோட அம்மாவ இழுத்து வெச்சுத் திட்டுனேன்.”

டீமேக்கர் என்பவர் ஃபாக்டரியில் தூள் தயாரிப்பை மேற்பார்க்கிறவர். ஞாயிறு ஆராதனையில் பாடும்போதுகூடச் சத்தம் வெளியே வராத என் அம்மா அவரை அப்படித் திட்டியிருக்கிறாள் என்பதை நினைத்துச் சிரிப்பு வந்தது. உடனேயே சிரிப்பு போய்விட்டது. நான் எழுத்தில் வாங்கிய முதல் கைதட்டு, அவளை அந்த போர்டில் ஒட்டி வைத்திருக்கிறது.

கோபத்தில் எழுதினேன். ஒரே மூச்சில் நாலு பக்கம். மெஷின் மிருகமாகிவிட்டது, டீமேக்கர் கல்நெஞ்சக்காரர் ஆகிவிட்டார், பாதுகாப்பு மூடி இல்லாத பெல்ட், அதற்குப் பக்கத்தில் ஒன்றும் அறியாத ஏழைப் பெண். ‘அந்த வேளையில்தான்’ ஓர் இடத்தில்கூட வரவில்லை. நாலாவது சனிக்கிழமை வாசித்தேன். குரலை ஏற்றி இறக்கித்தான் வாசித்தேன். முடித்ததும் கைதட்டினார்கள். ஓர் அம்மா மூக்கை உறிஞ்சினார். பயிற்சியாளர் எழுந்தே நின்றுவிட்டார். “உடைச்சிட்டீங்க. இதுதாங்க உங்க குரல். புத்தகத்துல இதுதான் முதல்ல.” கேரட்காரர் மட்டும் என் பக்கம் பார்க்காமல் தன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. மழையில் நனைந்துகொண்டே பஸ் ஏறினேன். வழியில் கட்டபெட்டு வரும்வரைக்கும் காலே தரையில் படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் சேலை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

“இதுவும் சாட்சிதான்.”

“என்னம்மா சொல்ற? இதுல ஆண்டவர் பேரே இல்ல.”

“அதுல ஆண்டவரு காப்பாத்துனாரு. இதுல நீ காப்பாத்தற. ரெண்டுலயும் நான் சும்மா கையக் கட்டிட்டு நிக்கறேன்.”

சண்டை போட்டேன். உனக்காகத்தானே எழுதினேன் என்றேன். ஊரே கைதட்டுகிறது, உனக்கு மட்டும் பிடிக்காதா என்றேன். உனக்கு வேலை போய்விடும் என்று பயம், அதனால் இப்படிப் பேசுகிறாய் என்றுகூடச் சொன்னேன். அதற்கு அவள் சொன்னது: “போட்டா போட்டுக்கோ. நான் என்ன வேண்டாங்கறனா? அது நானில்ல, அவ்ளோதான்.” அப்படியென்றால் நீயே எழுதிக்கொள் என்று நோட்டை அவள் மடியில் வீசிவிட்டு வந்தேன். வீசியது தப்பு என்று உடனே தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்கத்தான் முடியவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. மூன்று நாளாக அடைமழை. இலை வரத்து இல்லாமல் ஃபாக்டரியும் நிறுத்தியிருந்தார்கள், அம்மா வீட்டில் இருந்தாள். ஒரு வாரமாகச் சாப்பாடு, தண்ணி, குடை என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை. மாவு ஆட்ட, அரிசியைப் போடுமுன் கிரைண்டரை ஓடவிட்டாள். மோட்டார் உறுமியது, கல் சுற்றவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று நான் எழுவதற்குள், அம்மா அதைச் சாய்த்துப் படுக்க வைத்து, அப்பாவின் பழைய கருவி டப்பாவிலிருந்து ஸ்பேனரை எடுத்து, அடித்தகட்டின் நாலு போல்ட்டையும் கழற்றிவிட்டாள். நழுவியிருந்த பெல்ட்டை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துச் சக்கரத்தில் ஏற்றினாள். இல்லாத விரலின் இடத்தில் பக்கத்து விரல் போய்த் தானாக வேலை செய்தது. எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம்கூட இருக்காது. நிமிர்த்தி வைத்து அரிசியைப் போட்டாள், கல் சுற்றியது. தகடு தரையிலேயே கிடந்தது.

“மூடி மாட்டலியா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? நாளைக்கும் நழுவும். திரும்பக் கழட்டோணும்.”

ஸ்பேனரை டப்பாவில் போட்டாள். கிரைண்டர் சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்ததால் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

“அன்னிக்கும் மூடியக் கழட்டுனது நாந்தான்.”

கிரைண்டரை நிறுத்தினேன். நிறுத்தாதே, மாவு கெட்டிப்படும் என்றாள். திரும்பப் போட்டேன். அந்தச் சத்தத்திலேயேதான் சொன்னாள். அரைத்த இலை பிசின் மாதிரி ஒட்டும், மழைக்காலத்தில் மணிக்கு இரண்டு தடவை பெல்ட் அடைக்கும். ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, சுரண்டி, மாட்டி, ஓடவிட நேரமாகும். அதனால் காலையிலேயே மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிடுவாள். ஓடும்போதே கையை விட்டு எடுத்துவிடுவாள். அந்த ஷிப்டில் அப்படிச் செய்யத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எங்கே அடைத்தாலும் ஆண்கள் உட்பட எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

“டீமேக்கர் கழட்டச் சொன்னாரா?”

“சொல்லல. கழட்டாதேன்னும் சொல்லல. சுவத்துல சாஞ்சிருந்தத தினமும் பாத்துட்டுத்தான் போவாரு.” மாவைத் தள்ளிவிட்டாள். “என்னயாட்ட வெரசா அந்த மெஷின ஒருத்தரும் பாக்க மாட்டாங்க தெரியுமா? இப்பவும் அடைச்சா மெஷின நிறுத்திப்போட்டு ஆளாளுக்கு முழிக்கறாங்க. நான் அந்தப் பக்கம் உக்காந்து தூள்ல நார் பொறுக்கிட்டுப் பாத்துட்டிருக்கேன்.”

இது எனக்குத் தெரியவே தெரியாது. அம்மாவுக்கு ஒரு வேலையில் கெட்டிக்காரி என்று பெயர் இருந்தது, அந்தக் கெட்டிக்காரத்தனத்தில்தான் விரல் போனது, விரலோடு அந்தப் பெயரும் போனது. நான் ஒரு தடவை அவளை ஆண்டவர் கையில் கொடுத்தேன், இன்னொரு தடவை மிருகத்தின் வாயில் கொடுத்தேன். அவள் கையில் ஸ்பேனர் இருந்ததை இரண்டு தடவையும் விட்டுவிட்டேன்.

தெரிந்துகொண்டால் எழுத வந்துவிடும் என்று நினைத்தால், அதுதான் இல்லை. இதை எழுதப் பட்ட பாடு மாதிரி நான் எதற்கும் பட்டதில்லை. மூடியைக் கழற்றியது அவள்தான் என்று எழுதினால் ஃபாக்டரி தப்பித்துக்கொள்கிறது. டீமேக்கர் பார்த்துக்கொண்டு போனார் என்று அழுத்தினால் அவள் மறுபடியும் ஏழைப் பெண் ஆகிவிடுகிறாள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால் வாக்கியம் நொண்டுகிறது. எனக்குத் தெரிந்த அழகான சொல் எதை எடுத்தாலும் அவளுக்கு அளவு பெரிதாக இருந்தது. நாலு நாளில் தேறியது அரைப்பக்கம். அதிலும் அவள் மூடியைக் கழற்றுகிறாள், சுவரில் சாய்க்கிறாள், யாரோ கூப்பிடுகிறார்கள், போகிறாள், கையை விடுகிறாள், திட்டுகிறாள். அதற்கு மேல் நகரவில்லை.

அதையே பயிற்சியாளருக்கு அனுப்பினேன். குரல் பதிவில் பதில் வந்தது. நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் பேசினார். “இதுல முடிவே இல்லைங்களே. அந்த எனர்ஜியும் இல்லைங்க. பழசையே போட்டுக்கலாங்களா? அச்சுக்குக் குடுக்கோணும், நேரமில்ல.” போட வேண்டாம் என்று தட்டினேன். தட்டிவிட்டு அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்தில் வந்திருக்க வேண்டியது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அம்மா உட்பட. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை போய்ப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். முதல் பக்கத்தில் காட்டெருமை நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் ஒருவர் புத்தகத்தில் ஒருவர் கையெழுத்து வாங்கினார்கள், என்னிடம் யாரும் நீட்டவில்லை. நீட்டினால் எந்தப் பக்கத்தில் போடுவது?

வேலை முடிந்து வந்த அம்மா காபியோடு உட்கார்ந்து புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினாள்.

“உன்னுது எங்க?”

“இல்ல.”

“ஏன், போடலியா அவங்க?”

“நாந்தான் வேண்டாம்னுட்டேன். வேற எழுதினேன், அது அரைப்பக்கந்தான் வந்துச்சு.”

“படி.”

படித்தேன். இந்தத் தடவை குரலை ஏற்றி இறக்கவில்லை, பரீட்சை எழுதிய பேப்பரைத் திரும்பப் படிப்பது மாதிரி இருந்தது. நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தினாள். மூடியைச் சுவரில் சாய்க்கவில்லை, ஜன்னலில் சாய்த்தாள், சுவர்ப் பக்கம் ஈரமாக இருந்ததாம். அவளைக் கூப்பிட்டவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, ‘அக்கா, பெல்ட்டு’ என்று மட்டும்தான் கத்துவார்களாம். இரண்டையும் அங்கேயே அடித்துத் திருத்தினேன். திட்டியது வரைக்கும் வந்து நின்றேன்.

“அப்புறம்?” என்றாள்.

சாட்சிகளுக்கு யாரும் அப்புறம் கேட்டதில்லை.

“அவ்வளவுதாம்மா எழுதியிருக்கேன்.”

“ஆஸ்பத்திரிக்கு எதுல போனேன், கூட யாரு வந்தாங்க, ஒண்ணையும் காணமே?”

“நீ சொல்லவே இல்லியே.”

“நீ கேட்டியா?”

நோட்டில் புதுப் பக்கத்தைப் புரட்டினேன். இலை லாரியில்தான் போனாளாம், டிரைவர் பக்கத்தில். பாதி வழியில், ஒரு வளைவில் நிறுத்திக் காலிச் சாக்குகளை இறக்கிப் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தானாம். அவனையும் திட்டினாளாம். என்னவென்று திட்டினாய் என்று கேட்டேன். குறுக்கே பேசாமல் எழுது என்றாள். வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள், மெதுவாகச் சொல் என்றால் கேட்கவில்லை. என் கைதான் பின்தங்கிக்கொண்டே இருந்தது.